கேபிளைச் செருகும் முன் தாளை எடு, தங்கச்சி

லண்டனில் நெட்வொர்க் வேலைக்குச் சேரும் தங்கச்சிகள், தம்பிகள் பலருக்கும் முதலில் கைக்கு வருவது ஒரு சின்ன ஃபயர்வால் பெட்டிதான். ஈஸ்ட் ஹாமில் ஒரு மளிகைக் கடை, ஹாரோவில் ஒரு கணக்காளர் அலுவலகம், டூட்டிங்கில் ஒரு பல் மருத்துவர். "போய் மாட்டிவிட்டு வா" என்று அனுப்பிவிடுவார்கள். நீயும் போனவுடன் ரூல் எழுத உட்காருவாய். இதை விடு, அதைத் தடு என்று வரிசையாகப் போடுவாய். அக்கா சொல்வதைக் கேள். ரூல் கடைசி வேலை. அதற்கு முன்னால் இன்டர்ஃபேஸ்களை ஒழுங்கு பண்ண வேண்டும்.

காரணம் இருக்கிறது. ஃபயர்வால் தன் வழியாகக் கடந்து போகும் டிராஃபிக்கை மட்டும்தான் பார்க்கும். ஒரே சுவிட்சில், ஒரே சப்நெட்டில் இருக்கும் இரண்டு கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டால் அது ஃபயர்வாலுக்குத் தெரியவே தெரியாது. கல்லாவும் கேமராவும் விருந்தினர் வைஃபையும் ஒரே லேனில் இருந்தால், நீ எழுதும் ரூல்களில் ஒன்றுகூட அவற்றுக்கு நடுவே வராது. யாரை யாருடன் சேர்த்து வைக்கிறோம், யாரைப் பிரித்து வைக்கிறோம் என்பதை இன்டர்ஃபேஸ்தான் முடிவு பண்ணுகிறது. ரூல் அதற்குப் பிறகுதான்.

முதலில் தாள்

பெட்டியைப் பிரிக்கும் முன் ஒரு தாளில் கட்டம் போடு. எந்தப் போர்ட், அதற்கு என்ன பெயர், எந்த சப்நெட், அந்த சப்நெட்டில் ஃபயர்வாலின் முகவரி என்ன, வி-லேன் எண் என்ன, அதில் யார் யார் இருப்பார்கள், அவர்களுக்கு ஐ.பி. முகவரியை டி.எச்.சி.பி. மூலம் யார் கொடுப்பது. இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். கடைக்காரரிடம் அந்தத் தாளைக் காட்டிப் பேசு. "அண்ணா, கார்டு மிஷின் எத்தனை? மேல் மாடியில் வாடகைக்கு இருப்பவர்களும் இதே வைஃபையா?" என்று கேட்டால்தான் உண்மை நிலவரம் வெளியே வரும். கருவிகளின் பட்டியலை வைத்து மட்டும் வேலை பார்த்தால் அந்த மாடி வாடகைக்காரர் உனக்குத் தெரியவே மாட்டார்.

எண்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள். வி-லேன் எண்ணும் முகவரியின் மூன்றாவது எண்ணும் ஒன்றாகவே இருக்கட்டும். அலுவலகக் கணினிகள் வி-லேன் 10 என்றால் 10.20.10.0/24. கல்லாவும் கார்டு மிஷினும் 10.20.20.0/24. தொலைபேசிகள் 30, கேமராக்கள் 40, விருந்தினர் 50. ஆறு மாதம் கழித்து நடு இரவில் ஒரு லாகைப் பார்க்கும்போது 10.20.40 என்று வந்தால் அது கேமரா என்று உடனே புரியும்.

192.168.1.0, 192.168.0.0 இரண்டையும் தயவுசெய்து தொடாதே. வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் இவற்றில்தான் வருகின்றன. பிஎஃப்சென்ஸ் பெட்டியே பிறக்கும்போது 192.168.1.1 என்றுதான் பிறக்கிறது. பல ஃபோர்டிகேட் பெட்டிகள் 192.168.1.99. நீ அப்படியே விட்டுவிடுகிறாய் என்று வைத்துக்கொள். முதலாளி வெம்பிளி வீட்டில் உட்கார்ந்து வி.பி.என். போட்டுக் கடைக் கேமராவைப் பார்க்க நினைப்பார். வீட்டிலும் அதே எண், கடையிலும் அதே எண். அவருடைய லேப்டாப் கேமராவைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். தனியார் பயன்பாட்டுக்கு என்று 1996-லேயே 10-இல் தொடங்கும் முகவரிகள் அத்தனையையும் ஒதுக்கிவிட்டார்கள். அதில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை.

அப்புறம் பெயர். "போர்ட் 3", "ஓ.பி.டி. 1" என்றெல்லாம் விட்டுவிடாதே. "கல்லா", "கேமரா", "விருந்தினர்" என்று அந்த இன்டர்ஃபேஸின் வேலையையே பெயராக வை. கூட வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் தமிழ் தெரியாதுதான். அவர்களுக்குப் புரியும் ஆங்கிலப் பெயராகவே இருக்கட்டும். ஆனால் வேலையைச் சொல்லும் பெயராக இருக்க வேண்டும். சிஸ்கோவின் ஏ.எஸ்.ஏ. பெட்டிகளில் பெயருக்கே பலம் உண்டு: "இன்சைட்" என்று பெயர் வைத்தால் நம்பிக்கை அளவு தானாக 100 ஆகிவிடும், வேறு எந்தப் பெயர் வைத்தாலும் 0. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்குப் போகும் டிராஃபிக்கை அது கேட்காமலே விடும். எனவே அந்தப் பெட்டியில் பெயர் வைப்பதே பாதி ரூல் எழுதியதற்குச் சமம்.

வெளிப்பக்கம்: வேன் போர்ட்

லண்டனில் வேலையில் இறங்கினால் உன்னை அதிகம் அலைக்கழிக்கப் போவது இதுதான். ஒரே தெருவில் இரண்டு கடைக்கு இரண்டு விதமாக இணைப்பு வரும். எந்தக் கம்பி வருகிறது என்று முதலில் கேள்.

ஓப்பன்ரீச் ஃபைபர் நேராக உள்ளே வரும் இடத்தில் சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி இருக்கும். அதிலிருந்து வரும் ஈதர்நெட் கேபிளை உன் வேன் போர்ட்டில் செருகலாம். பி.டி. போன்ற நிறுவனங்கள் பி.பி.பி.ஓ.இ. முறையில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். வேறு சில நிறுவனங்கள் டி.எச்.சி.பி. மூலமே முகவரி கொடுத்துவிடும். தெருப் பெட்டி வரை ஃபைபர், அங்கிருந்து செம்புக் கம்பி என்றிருக்கும் பழைய இணைப்பில் சொந்த மோடம் போட்டால் வி-லேன் 101 டேக் கேட்கும். இந்த ஒரு எண் தெரியாமல் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. வர்ஜின் மீடியா கேபிள் இணைப்பில் அவர்கள் பெட்டியை மோடம் மோடுக்கு மாற்றிவிடு. பிறகு அந்தப் பெட்டியை 192.168.100.1 என்ற முகவரியில்தான் பார்க்க முடியும். மாற்றாமல் விட்டால் அவர்கள் பெட்டியும் நேட் செய்யும், உன் பெட்டியும் நேட் செய்யும். வெளியிலிருந்து வரும் வி.பி.என். இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும்.

பி.பி.பி.ஓ.இ. என்றால் எம்.டி.யூ.வைக் கவனி. சாதாரண ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் அளவு 1500 பைட். பி.பி.பி.ஓ.இ. தலைப்பு 8 பைட்டை எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 1492. இதைச் சொல்லாமல் விட்டால் வரும் நோய் விசித்திரமானது: சில வலைத்தளங்கள் பளிச்சென்று வரும், சில பாதியில் நிற்கும், வி.பி.என். இணையும் ஆனால் பெரிய ஃபைல் போகாது. பிங் மட்டும் நன்றாக வேலை செய்யும், அதனால் இணைப்பு நன்றாக இருப்பதாகவே தோன்றும். எம்.டி.யூ. 1492, எம்.எஸ்.எஸ். 1452 என்று வைத்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஓப்பன்ரீச் ஃபைபரில் கொஞ்சம் பெரிய ஃபிரேமும் போகும், அதை வைத்து முழு 1500-ஐயும் மீட்கலாம். ஆனால் ஆரம்பத்தில் 1492-இல் நிறுத்து. பிறகு பொறுமையாகப் பார்க்கலாம்.

வணிக இணைப்பில் நிலையான முகவரிகள் வாங்கினால் /29 என்று கொடுப்பார்கள். எட்டு முகவரி. முதலும் கடைசியும் பயன்படாது, ஒன்று அவர்கள் ரவுட்டருக்குப் போய்விடும், உனக்கு மிஞ்சுவது ஐந்து. பழைய ஃபயர்வாலைக் கழற்றி அதே முகவரியில் புதியதை மாட்டினால் சில சமயம் எல்லாம் சரியாக இருந்தும் இணையம் வராது. மேலே இருக்கும் ரவுட்டர் பழைய பெட்டியின் மேக் முகவரியையே நினைவில் வைத்திருக்கும். பல சிஸ்கோ ரவுட்டர்கள் அதை நான்கு மணி நேரம் வரை மறக்காது. அமைப்பைக் கலைத்துவிடாதே. அவர்கள் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடு, முடியாவிட்டால் நிறுவனத்தைக் கூப்பிட்டு ஏ.ஆர்.பி.யைத் துடைக்கச் சொல்.

இன்னொன்று: கேட்வே முகவரி வேன் போர்ட்டுக்கு மட்டும்தான். உள்பக்க இன்டர்ஃபேஸிலும் ஒரு கேட்வே கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்து அதை நிரப்பத் தோன்றும். நிரப்பாதே. பிஎஃப்சென்ஸில் அப்படிச் செய்தால் அது உள்பக்கத்தையும் வெளிப்பக்கம் என்று நினைத்து நேட் செய்யத் தொடங்கும்.

உள்ளே யார் யாரோடு

இதில் அக்கா கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த ஊரில் நடந்த பெரிய சேதங்களில் இந்த விஷயம் வந்துகொண்டே இருக்கிறது.

செயின்ட் பாங்கிராஸில் இருக்கும் பிரிட்டிஷ் நூலகம் உனக்குத் தெரிந்திருக்கும். பழைய தமிழ் அச்சு நூல்களைத் தேடிப் போகும் ஆய்வாளர்களுக்கு அது பெரிய புதையல். 2023 அக்டோபர் 28 அன்று ரைசிடா என்ற கும்பல் அதைத் தாக்கியது. சுமார் 600 ஜிகாபைட் தரவு திருடப்பட்டது. நூற்பட்டியலைத் தேடிப் பார்க்கும் வசதியே 2024 ஜனவரி 15-இல்தான் ஓரளவு திரும்பி வந்தது. ஒரு நூல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஆய்வு மாணவர்கள் காத்திருந்த மாதங்கள் அவை. 2024 மார்ச்சில் நூலகமே தன் குறைகளை மறைக்காமல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்காக அவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஊடுருவல் முதலில் கண்டறியப்பட்ட இடம், 2020 பிப்ரவரியில் வெளியாட்களும் நிர்வாகிகளும் உள்ளே வருவதற்காக வைத்த ஒரு டெர்மினல் சர்வர். அதற்கு இரண்டாம் கட்ட அடையாளச் சோதனை இல்லை. அதோடு, காலப்போக்கில் சிக்கலாக வளர்ந்துவிட்ட நெட்வொர்க் அமைப்பு, நவீன அமைப்பில் கிடைத்திருக்கக்கூடியதைவிட அதிகமான இடங்களைத் தாக்கியவர்களுக்குத் திறந்துவிட்டது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. வந்தவன் வந்த அறையோடு நிற்கவில்லை.

உன் மளிகைக் கடை பிரிட்டிஷ் நூலகம் இல்லைதான். ஆனால் கேள்வி ஒன்றே: ஒரு கருவி போனால் கூடவே எவை எவை போகும்? கார்டு மிஷின் தனி வி-லேனில் இருக்க வேண்டும். அது வெளியே பணம் செலுத்தும் நிறுவனத்தோடு மட்டும் பேசினால் போதும். கேமராப் பெட்டியை நான் நம்பவே மாட்டேன். 2016-இல் மிராய் என்ற நிரல், மாற்றப்படாத பாஸ்வேர்டு உள்ள கேமராக்களையும் ரவுட்டர்களையும் சேர்த்துத்தான் பெரிய படையாக்கியது. கேமரா வி-லேனிலிருந்து இணையத்துக்கும் வழி வேண்டாம், மற்ற வி-லேன்களுக்கும் வழி வேண்டாம். அலுவலகத்திலிருந்து கேமராவைப் பார்க்க மட்டும் ஒரு வழி. பிரிட்டனில் பழைய செம்புத் தொலைபேசிச் சேவை 2027 ஜனவரியோடு நிறுத்தப்படும் என்று திட்டம். அதனால் கடைத் தொலைபேசியும் இனி உன் ஃபயர்வால் வழியாகத்தான் வரும்; அதற்கும் ஓர் இடம் இப்போதே ஒதுக்கிவிடு.

வெளியார் தொட வேண்டிய சர்வர் ஏதாவது இருந்தால் அதற்கு டி.எம்.இசட். என்று தனி இன்டர்ஃபேஸ். நம் ஊர் வீட்டுத் திண்ணை மாதிரி. வழிப்போக்கர் வந்து உட்காரலாம், தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம். ஆனால் திண்ணையில் இருப்பவர் கூடத்துக்குள் வர வேண்டுமானால் கதவைத் தட்டியாக வேண்டும். டி.எம்.இசட்.டிலிருந்து உள்ளே போகும் திசையில் எதுவும் தானாகத் திறந்திருக்கக் கூடாது.

நடைமுறையில் ஒரு வார்த்தை. ஒரே கேபிளில் பல வி-லேன்களை அனுப்ப டிரங்க் போடுவாய். சுவிட்ச் பக்கம் டேக் இருக்கும் எண்களும் ஃபயர்வால் பக்கம் இருக்கும் எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். வி-லேன் 1-இல் எந்தக் கருவியையும் வைக்காதே. சுவிட்ச் வாங்கும்போது எல்லாப் போர்ட்டும் அதில்தான் இருக்கும், தெரியாமல் செருகும் எதுவும் நேராக அங்கே போய் விழும். புதிய இன்டர்ஃபேஸை உருவாக்கினாய், கணினிக்கு முகவரி கிடைத்துவிட்டது, ஆனால் எதுவுமே போகவில்லை என்றால் பதறாதே. பிஎஃப்சென்ஸ் போன்றவற்றில் புதிய இன்டர்ஃபேஸுக்கு ரூல் எதுவும் இருக்காது. ரூல் இல்லையென்றால் எல்லாம் தடை. அது நல்ல குணம். "எல்லாவற்றையும் விடு" என்று ஒரு வரியைப் போட்டு அந்தக் குணத்தைக் கெடுத்துவிடாதே.

கதவு எண் 445, கதவு எண் 7547

2017 மே 12, வெள்ளிக்கிழமை. வான்னாக்ரை என்ற நிரல் பரவிய நாள். நியூஹாம், விப்ஸ் கிராஸ், ராயல் லண்டன் என்று நம் கிழக்கு லண்டன் தமிழர்கள் ஓடிப்போகும் மருத்துவமனைகளை நடத்தும் பார்ட்ஸ் ஹெல்த் அறக்கட்டளை பாதிக்கப்பட்டவற்றில் ஒன்று. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட 236 அறக்கட்டளைகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன, 595 ஜி.பி. மருத்துவ நிலையங்களிலும் தொற்று. லண்டன் உட்பட ஐந்து பகுதிகளில் அவசர சிகிச்சைக்கு நோயாளிகள் இன்னும் தூரம் போக வேண்டியிருந்தது. ரத்தான சந்திப்புகள் 19,000-க்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அந்த நிரல் விண்டோஸின் ஃபைல் பகிர்வுக்கான 445 என்ற எண் வழியாகப் பரவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்துவிட்டது.

பலரும் இதைத் திருத்தம் போடாத கதையாக மட்டுமே சொல்கிறார்கள். பிரிட்டனின் தேசிய தணிக்கை அலுவலகம் அந்த ஆண்டு அக்டோபரில் கொடுத்த அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது: திருத்தம் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், இணையத்தைப் பார்த்திருக்கும் ஃபயர்வாலைச் சரியாக நிர்வகித்திருந்தால் அந்த நிறுவனங்கள் தப்பித்திருக்கும். மருத்துவமனையின் ஸ்கேன் இயந்திரத்துக்குத் திருத்தம் போடுவது எளிதில்லை என்பது எனக்குத் தெரியும். வெளிப்பக்கத்தில் 445-ஐ மூட ஒரு நிமிடம் போதும். இந்த நோய் மருத்துவமனைகளை இணைக்கும் என்3 நெட்வொர்க் வழியாகவும் பரவியது. ஆகவே "இது நம் ஆட்களின் நெட்வொர்க்" என்று ஓர் இன்டர்ஃபேஸை நம்பித் திறந்து வைக்காதே. கிளைக் கடைக்குப் போகும் வி.பி.என். உட்பட.

அதற்கு ஆறு மாதம் முன்பு, 2016 நவம்பர் கடைசியில், போஸ்ட் ஆஃபீஸ் பிராட்பேண்ட் வாடிக்கையாளர் சுமார் 1 லட்சம் பேருக்கு இணையம் போனது. டாக்டாக் வாடிக்கையாளர்களும் அடிபட்டார்கள். ரவுட்டரைத் தூரத்திலிருந்து நிர்வகிப்பதற்காக வைத்த 7547 என்ற எண் வெளியுலகைப் பார்த்துத் திறந்திருந்தது. நிர்வாகக் கதவு வெளிப்பக்கத்தில் இருந்தால் இதுதான் நடக்கும். விலையுயர்ந்த பெட்டிகளும் விதிவிலக்கு இல்லை. 2022 அக்டோபரில் ஃபோர்டினெட், 2024 நவம்பரில் பாலோ ஆல்டோ இரண்டின் நிர்வாகப் பக்கத்திலும் பாஸ்வேர்டு இல்லாமலே நுழைய வழிவிடும் ஓட்டை வெளிவந்தது. நிர்வாகப் பக்கம் உள்ளே ஒரே ஒரு இன்டர்ஃபேஸில் மட்டும் இருந்தவர்கள் நிதானமாகத் திருத்தம் போட்டார்கள்.

பிரிட்டனில் 2014 முதல் சைபர் எசென்ஷியல்ஸ் என்ற சான்றிதழ் இருக்கிறது. அதன் ஐந்து கட்டுப்பாடுகளில் ஃபயர்வாலும் ஒன்று. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். நிர்வாகப் பக்கம் இணையத்துக்குத் தெரியக் கூடாது. அவசியம் தேவையென்றால் காரணத்தை எழுதி வைத்து, இரண்டாம் கட்டச் சோதனையோ குறிப்பிட்ட முகவரிகளுக்கு மட்டுமான அனுமதியோ வைக்க வேண்டும். சான்றிதழ் வாங்காத கடைக்கும் இந்த அளவை நீயே வைத்துக்கொள்.

கை வைக்கும் நேரம்

தூரத்திலிருந்து இன்டர்ஃபேஸ் முகவரியை மாற்றாதே. நீ எதன் வழியாக உள்ளே வந்தாயோ அதையே மாற்றினால் வெளியே நின்றுவிடுவாய். மாற்றியே ஆக வேண்டுமென்றால், ஜூனிபரில் மாற்றத்தை உறுதிப்படுத்தும் வரை தற்காலிகமாக மட்டும் போடும் வசதி உண்டு. பத்து நிமிடத்தில் நீ உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். சிஸ்கோ ரவுட்டரில் இத்தனை நிமிடத்தில் தானாக மீண்டும் தொடங்கு என்று முதலில் சொல்லிவிட்டு, சேமிக்காமல் மாற்று. நேரில் போனால் பையில் கன்சோல் கேபிள் இருக்கட்டும். அமைப்பின் நகல் ஒன்றை லேப்டாப்பில் எடுத்து வைத்துவிட்டுத் தொடங்கு. கடையில் கூட்டம் இருக்கும் வெள்ளி மாலை, தீபாவளி வாரம், இவையெல்லாம் வேண்டாம்.

வேகமும் டூப்ளெக்ஸும் இரண்டு பக்கமும் தானியங்கியாகவே இருக்கட்டும். பயன்படாத போர்ட்டை அணைத்துவிடு. ஐ.பி.வி.6-ஐ மறக்காதே: பி.டி.யும் ஸ்கையும் அதைக் கொடுக்கின்றன, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் இணைய முகவரி கிடைத்துவிடும், நேட் என்ற மறைப்பு அதில் இல்லை. உள்வரும் திசையில் அதற்கும் தடை வேண்டும். ஆனால் ஐ.சி.எம்.பி.வி.6-ஐ முழுவதும் தடுத்துவிடாதே, அது இல்லாமல் ஐ.பி.வி.6 நடக்காது.

முடித்ததும் ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் நீயே போய் உட்கார்ந்து பார். விருந்தினர் வைஃபையில் உன் போனை இணைத்து ஃபயர்வாலின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்க முயற்சி செய். கேமரா வி-லேனில் லேப்டாப்பைச் செருகி கல்லாவுக்கு பிங் பண்ணு. வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் வெளியிலிருந்து கடையின் முகவரியைத் தட்டிப் பார். திறக்கக் கூடாதது திறக்கவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகே சாவியைக் கொடு. அந்தத் தாளை ஒரு நகல் எடுத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வா. நாளை உனக்குப் பதில் வேறு ஒருவர் வருவார்.

ஏற்கெனவே மாட்டிவிட்ட பெட்டிகளும் உன் பொறுப்பில் இருக்கும். இந்த வாரமே ஒவ்வொன்றிலும் வேன் இன்டர்ஃபேஸைத் திற. எச்.டி.டி.பி.எஸ்., எஸ்.எஸ்.எச். நிர்வாக அனுமதி அதில் டிக் ஆகியிருக்கிறதா என்று பார். இருந்தால், உள்ளிருந்து போக வழி இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, அன்றைக்கே எடுத்துவிடு.